‘இன்டு த க்ரூவ்’ எங்கே போனது?

நண்பரே, உங்கள் அண்ணனின் பழைய கேசட்டில் இருந்த ‘இன்டு த க்ரூவ்’ பாடல், நீங்கள் வாங்கிய ‘லைக் எ விர்ஜின்’ குறுந்தகட்டில் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். பாடல் ஒன்று குறைகிறது என்பதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் குறுந்தகடு போலியல்ல. அமெரிக்கப் பாப் பாடகி மடோனாவின் ‘லைக் எ விர்ஜின்’ ஆல்பம் 1984இல் ஒன்பது பாடல்களோடுதான் வந்தது. ஒரு திரைப்படத்துக்காக உருவான ‘இன்டு த க்ரூவ்’ 1985இல் ஐரோப்பிய மறுபதிப்பில் ஒட்டிக்கொண்டது. உங்கள் அண்ணனின் பழைய கேசட் அந்த வகையாக இருக்கும்.

நீங்கள் வாங்கிய 2001 பதிப்பில் அதை விட்டுவிட்டார்கள். பின்னட்டையைப் பாருங்கள்: பத்தாவதும் பதினொன்றாவதும் தலைப்புப் பாடல், ‘மெட்டீரியல் கேர்ள்’ இரண்டின் நீண்ட நடன ரீமிக்ஸ்கள். எனக்கென்னவோ இது நஷ்டமான பேரம்தான்.

‘இன்டு த க்ரூவ்’ பாடலின் அசல் வடிவம் வேண்டுமென்றால் 1990இன் ‘இம்மாகுலேட் கலெக்‌ஷன்’ தொகுப்பை நம்பி வாங்காதீர்கள். அதில் இருப்பதும் ரீமிக்ஸ். 2009இல் வந்த ‘செலிபிரேஷன்’ தொகுப்பைத் தேடுங்கள்.