தாளிலிருந்து திரைக்கு மாறும் பட்டறை: கேள்வி–பதில்

உற்பத்திப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவையில் கணினி இயக்கும் 12 சிஎன்சி மெஷின்கள் வைத்து பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். எல்லாம் ரூட் கார்டிலும் (ஒவ்வொரு வேலையோடும் கூடவே போகும் பதிவு அட்டை) கரும்பலகையிலும்தான் ஓடுகிறது. முழு இஆர்பி (கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து நடத்தும் மென்பொருள்) வாங்கிவிடலாமா, கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாமா?

கொஞ்சம் கொஞ்சமாகவே போங்கள். மென்பொருள் விற்பவரைக் கூப்பிடும் முன், கடந்த இரண்டு மாதத்தில் முடிந்த ரூட் கார்டுகளை மேசையில் பரப்பி உட்காருங்கள். அச்சடித்த கட்டங்களை விடுங்கள். ஓரத்தில் பேனாவால் கிறுக்கியிருப்பதைப் படியுங்கள். ‘போர் (துளை) டைட்டு, திரும்ப ஓட்டவும்’, ‘அவசரம், 40 மட்டும் முதலில்’, ‘வார்ப்பில் ஓட்டை, 6 தள்ளி’ என்றெல்லாம் இருக்கும். உங்கள் பட்டறையில் வேலை உண்மையில் எப்படி நகர்கிறது என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது. ஒரு லாட்டை (ஒன்றாக ஓடும் தொகுதி) பிரித்து அனுப்புவது, சரிசெய்ய ரீவொர்க்குக்குத் திருப்புவது, பழுதான மெஷினிலிருந்து வேறு மெஷினுக்கு மாற்றுவது ஆகிய மூன்றையும் செய்ய முடியாத மென்பொருள் உங்களுக்கு வேண்டாம். டெமோவுக்கு வருபவரிடம் கிறுக்கல் அதிகமுள்ள கார்டு ஒன்றைக் கொடுத்து, அதையே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு, மாதம் தவறாமல் ஓடும் ஒரே ஒரு பாகத்தை எடுங்கள். வார்ப்பு உள்ளே வந்ததும் ஒரு பதிவு, ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் ஒரு பதிவு, இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு பதிவு. தாளும் திரையும் கொஞ்ச நாள் சேர்ந்தே ஓடட்டும். ஆனால் தாள் நிற்கும் தேதியை முதல் நாளே சுவரில் எழுதிவிடுங்கள். தேதி குறிக்காமல் இரண்டையும் ஓட்டிய ஓர் ஆலையில் நான் இருந்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சூப்பர்வைசர் சாயங்காலம் உட்கார்ந்து தாளைப் பார்த்துத் திரையில் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றைய வேலை எல்லாமே ஐந்தே முக்காலுக்கு முடிந்ததாகப் பதிவாகியிருந்தது. எந்த மெஷினில் தேக்கம் என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டும் சேர்ந்து ஓட நான்கு வாரம் போதும்.

ஆபரேட்டர்கள் டேப்லெட்டைத் தொடவே தயங்குகிறார்கள். ‘எங்களை வேவு பார்க்கத்தானே’ என்கிறார்கள். (உற்பத்தி மேலாளர், ஓசூர்)

அவர்கள் பயம் நியாயமானது. முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். மெஷின் நின்ற நேரத்தை நேர்மையாகப் பதிந்தவரையே கூப்பிட்டுக் கண்டித்தால், மறுநாளிலிருந்து யாரும் உண்மையைப் பதிய மாட்டார்கள். முதல் மூன்று மாதப் பதிவை வைத்து யார் சம்பளத்திலும் கை வைக்க மாட்டோம் என்று ஷிஃப்ட் தொடங்கும்போது நிர்வாகமே நேரில் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும்.

திரை தமிழில் இருக்கட்டும். டைப் செய்ய எதுவும் வேண்டாம். எண்ணெய்க் கையோடு அழுத்துமளவு பெரிய பொத்தான்கள், நின்றதற்கான காரணங்கள் எட்டுக்குள்: ‘டூல் உடைஞ்சது’, ‘மெட்டீரியல் வரலை’, ‘செட்டிங்’, ‘கரண்ட் இல்லை’, ‘கேஜ் (அளவு பார்க்கும் கருவி) இல்லை’ இப்படி. இந்தச் சொற்களை அவர்களையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். நான் பார்த்தவரை, பதிந்ததால் ஏதாவது ஒன்று சரியானால்தான் மனசு மாறும். ‘கேஜ் இல்லை’ என்று ஒரு வாரம் பதிகிறார்கள், அடுத்த வாரம் இன்னொரு கேஜ் வந்துவிடுகிறது என்று வையுங்கள். அதற்குப் பிறகு யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்காது. செலவானாலும் பரவாயில்லை, முதல் மாதத்திலேயே அப்படி ஒன்றைச் செய்து காட்டுங்கள்.

கூலன்ட்டும் (கடையும்போது சூட்டைத் தணிக்கும் திரவம்) எண்ணெயும் படும் இடத்தில் க்யூஆர் கோடு தாங்குமா?

தாங்கும். அது பிறந்ததே தொழிற்சாலைக்காகத்தான். பார்கோடில் சுமார் 20 எழுத்துக்கு மேல் கொள்ளாமல், ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அலுத்துப்போன காலத்தில், வாகன உதிரிபாகங்களைப் பின்தொடர 1994-இல் ஜப்பானின் டென்சோ இதைக் கொண்டுவந்தது. சிதைந்த பகுதியைத் தானே ஈடுசெய்யும் பிழைத்திருத்த வசதி இதில் உண்டு; அதை உச்ச அளவில் வைத்து அச்சிட்டால், ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் படித்துவிடலாம். ஆனால் காகித ஸ்டிக்கரைப் பாகத்தின் மேல் ஒட்டாதீர்கள். க்யூஆர் கோடு பொறித்த ஸ்டீல் தகட்டை ட்ரேயில் அடித்துவிட்டு, எந்த லாட் எந்த ட்ரேயில் என்பதைக் கணினியில் இணையுங்கள்.

டையிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று எங்கள் துணி நாலு இடத்துக்கு ஜாப் ஒர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) போகிறது. அவர்களிடம் கணினிப் பதிவு இல்லை. எங்கள் பக்கம் மட்டும் மாற்றி என்ன பயன்? (பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்)

நிறையவே பயன் உண்டு. சரக்கு உங்கள் வாசலைத் தாண்டிப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. டெலிவரி சலானைக் கணினியில் போடுங்கள். அதே சலான் எண்ணில் வரவு வைக்காமல் திரும்பிவரும் சரக்கை ஸ்டோர்ஸில் இறக்க விடாதீர்கள். துணி கிலோவில் போய்க் கிலோவில் வருகிறது. கட்டிங்குக்குப் பிறகு பீஸ் கணக்கு. கிலோவோடு ஷேடும் ரோல் எண்ணும், பீஸோடு சைஸும் பண்டில் எண்ணும் சேர்ந்தே பயணிக்கட்டும். டையிங்கில் குறையும் எடைக்குத் துணி வகைவாரியாக ஓர் அளவு வையுங்கள். அதைத் தாண்டினால் மட்டும் திரை எச்சரிக்கட்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பவில்லை, அங்கிருந்தே விற்கப்படவும் இல்லை என்றால், அனுப்பிய நாளிலேயே அதை நீங்கள் ஜாப் ஒர்க்கருக்கு சப்ளை செய்ததாகக் கருதப்படும். வரி வரும், வட்டியும் சேரும். பதினோராம் மாதத்தைத் தொட்ட சலான் எது என்று சலான் புத்தகக் கட்டுகளில் தேடிப் பாருங்கள், அந்தச் சிரமம் புரியும். வாட்ஸ்அப்பில் வரும் ‘வண்டி கிளம்பிருச்சு’ படத்தையும் பதிவாக எண்ண வேண்டாம்.

ஐஎஸ்ஓ தணிக்கையில் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் ஏற்றுக்கொள்வார்களா?

ஏற்றுக்கொள்வார்கள். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பு ஆவணப்படுத்திய தகவலைத்தான் கேட்கிறது; அது எந்த வடிவத்திலும் எந்த ஊடகத்திலும் இருக்கலாம். உங்கள் வாடிக்கையாளர் தாளைத் தனியாகக் கேட்டிருந்தால் அது வேறு விஷயம். யார் பதிந்தார், எப்போது பதிந்தார், திருத்தியிருந்தால் பழைய அளவு தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஷிஃப்டுக்கு ஒரே பாஸ்வேர்டு என்றால் இவற்றில் எதற்கும் உங்களிடம் பதில் இருக்காது. ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து, அதை ஸ்கேன் செய்து உள்ளே போகும்படி வையுங்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒரு முறை வேறு கணினியில் அதைத் திறந்தும் பாருங்கள்.