தெளிக்காத வரிசை எதற்கு?

"ஐயா, வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் அரை ஏக்கரில் மல்லி போட்டிருக்கிறேன். கார்த்திகையில் கவாத்து பண்ணி, தையில் இரண்டு தடவை பஞ்சகவ்யம் தெளித்தேன். பங்குனியில் பூ எடுத்து மாளவில்லை. வேளாண்மை படிக்கும் அக்கா மகன், 'தெளிக்காத செடி எங்கே மாமா? அது இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது' என்கிறான். நல்லது என்று தெரிந்தும் பாதிச் செடியை எதற்குப் பட்டினி போடுவது? மனுசருக்கு மருந்து சோதிக்கும்போதும் பாதிப் பேரை இப்படி விட்டுவிடுகிறார்களாமே, அது பாவமில்லையா?"

அன்புள்ள நண்பருக்கு,

நான் உங்கள் மருமகன் பக்கம்.

கார்த்திகையில் கவாத்து பண்ணிய மல்லி பங்குனியில் எப்படியும் பூக்கும். வெயில் ஏற ஏற மொட்டும் கூடும். தொழுவுரம் வைத்திருப்பீர்கள், களை எடுத்திருப்பீர்கள், தண்ணீர் கட்டியிருப்பீர்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போன பூவில் பஞ்சகவ்யத்தின் பங்கு எவ்வளவு? பூவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தெளிக்காத வரிசை பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். அந்த வரிசைக்கும் அதே நாளில் கவாத்து, அதே உரம், அதே தண்ணீர். பஞ்சகவ்யம் மட்டும் கிடையாது. அது பட்டினி ஆகாது. பாடநூல்களில் இதைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்கிறார்கள். யாரையோ அடைத்து வைத்தது போல ஒலிக்கிறது. ஒப்பீட்டுக் குழு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்த வரிசையை விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கிணற்றடியில் செழிப்பாக நிற்கும் வரிசைக்குத்தான் கை தானாகப் போகும். வரிசை எண்களைச் சீட்டில் எழுதி, திருவுளச்சீட்டு போல ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். விட்ட வரிசைகளுக்கு அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். இல்லையென்றால் இலையில் பட்ட ஈரமே வேலை செய்ததோ என்ற சந்தேகம் மிஞ்சும். விடியுமுன் பூ எடுக்கிறவர்களுக்கும் எடை போடுகிறவருக்கும் எது எந்த வரிசை என்று தெரிய வேண்டாம்.

பாவம் என்றீர்களே, அதற்கு வருகிறேன். வயல்வேலையில் தாளோ தூசியோ கீறி, பூஞ்சை பிடித்து, கருவிழி புண்ணாகி, கண்ணில் பூ விழுந்தவர்களை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். 2010-இல் தொடங்கி, மதுரை உட்பட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் இந்தப் புண்ணுக்கு ஒரு சோதனை நடந்தது. 323 பேர். ஒரு பாதிக்கு நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து, மறுபாதிக்கு வோரிகோனசோல் என்ற புதியது. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கவனியுங்கள், ஒருவரையும் மருந்தில்லாமல் விடவில்லை. பலன் தெரிந்த மருந்து ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அதைத்தான் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும், வைத்தார்கள்.

2013-இல் முடிவு வெளியானது. பழைய மருந்து போட்டவர்களுக்கே பார்வை மேலாகத் திரும்பியிருந்தது. கருவிழி ஓட்டையானது புதிய மருந்து போட்டவர்களிடம்தான் அதிகம். புதியது கிடைக்காதவர்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று அன்று நீங்களும் நானும் சண்டைக்குப் போயிருப்போம். ஒப்பிட்டுப் பார்க்காமல் எல்லோருக்கும் புதியதையே ஊற்றியிருந்தால், தப்பிய கண்களை மட்டும் காட்டி அதைப் புகழ்ந்துகொண்டிருப்போம். போன கண்களுக்கு நோயின் கடுமையைக் காரணம் சொல்லியிருப்போம். எனக்குப் பாவமாகப் படுவது அதுதான்.

இந்தக் கார்த்திகையில் பத்து வரிசையாவது விடுங்கள். மாசியிலிருந்து வைகாசி வரை தினசரி எடையை இரண்டு பத்தியாக எழுதுங்கள். கணக்கை மருமகன் போடட்டும். பஞ்சகவ்யம் வென்றாலும் தோற்றாலும் அந்த நோட்டை அப்படியே எனக்கு அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்