மின்னூல் படிக்கும்போது பக்கத்தைப் புரட்ட எது சிறந்தது: தட்டுவதா, விரலால் தள்ளுவதா, உருட்டுவதா?

பக்கம் தானாகப் புரண்டுவிடுகிறது, சில நேரம் புத்தகமே மூடிக்கொள்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, உங்கள் கேள்வியின் கடைசி வரியில் "ஒருவேளை எனக்குத்தான் கைப்பேசியைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லையோ" என்று சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். குறை உங்களிடம் இல்லை. நீங்கள் பெரும்பாலும் ஒரே கையில் பிடித்து, படுத்துக்கொண்டோ நின்றுகொண்டோ படிப்பவர் என்று ஊகிக்கிறேன். பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் திரையில் எதுவரை எட்டும் என்பதை எண்ணிப் பாராமல் அமைத்த செயலியில் பக்கம் தவறிப் புரள்வது இயல்பே. உடனடி விடை வேண்டுமென்றால், தட்டுவதே சிறந்தது. ஆனால் எங்கே தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களே மாற்றிக்கொள்ள இடம் தருகிற செயலியாக அது இருக்க வேண்டும். இனி வருவது நீண்ட விடை.

நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். வாசிப்புச் செயலிகளில் ஏறத்தாழ எல்லாமே ஒரே திட்டத்தில் அமைந்தவை: திரையின் வலப்பக்கம் தட்டினால் அடுத்த பக்கம், இடப்பக்கம் தட்டினால் முந்தைய பக்கம், நடுவில் தட்டினால் மெனு. வலக்கையில் பிடிப்பவருக்கு, இயல்பாக விரல் கிடக்கும் இடத்திலேயே அடுத்த பக்கம் கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்த இடத்தில் கிடைப்பது ஏற்கெனவே படித்து முடித்த பக்கம். முன்னே செல்ல வேண்டுமானால் கட்டைவிரலைத் திரையின் குறுக்கே நீட்ட வேண்டும். அப்படி நீட்டும்போது விரலின் அடிப்பகுதி இடது ஓரத்தில் பட்டுப் பக்கம் பின்னே போகும், அல்லது விரல் எட்டாமல் நடுவிலேயே விழுந்து மெனு திறக்கும். ஒரு நாவலைப் படித்து முடிப்பதற்குள் இது எத்தனை முறை நேரும் என்பதை வலக்கைக்காரர்களுக்கு விளக்குவது கடினம். தமிழில் படிப்பவர்களுக்கு இது இன்னும் மிகுதி. நம் சொற்கள் நீளமானவை, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் சிறிய திரையில் ஒரு பக்கத்துக்குச் சில பத்திகள்கூடத் தேறுவதில்லை, ஆகவே அடிக்கடி புரட்ட வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன், ஒரு துப்பறியும் நாவல் வரும்வரை. கதை பாதியைக் கடந்து, சந்தேகத்துக்குரியவர்கள் மூவராகக் குறைந்திருந்த கட்டம். அடுத்த பக்கத்துக்காக நீட்டிய விரல் வழக்கம்போல் நடுவில் விழுந்தது, மெனு திறந்தது, அதை மூடுவதற்காக மீண்டும் தட்ட முனைந்தபோது உள்ளங்கையின் ஓரம் திரையின் அடியில் அப்போதுதான் தோன்றியிருந்த நகர்வுப் பட்டையில் பட்டுவிட்டது. புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை இழுத்துச் செல்வதற்கென்று வைத்திருக்கிறார்களே, அந்தப் பட்டைதான். கண்ணிமைப்பதற்குள் நான் இறுதி அத்தியாயத்தில் இருந்தேன். அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே கொலையாளியின் பெயர் இருந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று யாரேனும் கேட்கக்கூடும். தாய்மொழியில் கண்ணுக்கு எதிரே வந்து நிற்கும் ஒரு வரியைப் படிக்காமல் விடுவது எவருடைய விருப்பத்திலும் இல்லை.

அதைவிடக் கொடுமை, படித்துக்கொண்டிருந்த இடத்துக்குத் திரும்ப வழியில்லாமல் போனது. நல்ல செயலிகளில், இப்படித் தாவியபின் பழைய இடத்துக்குத் திரும்புவதற்கான ஒரு சிறு குறி திரையில் நிற்கும். நான் பயன்படுத்தியதில் அது இல்லை; கடைசியாகச் சென்ற இடத்தையே வாசித்த இடமாக அது உடனே பதிவுசெய்துகொண்டது. மின்னூலில் எழுத்தின் அளவுக்கேற்பப் பக்கங்கள் பிரிந்து சேர்வதால், பக்க எண்ணை நினைவில் வைத்திருந்தாலும் அதை நம்ப முடியாது. செயலியை உருவாக்கியவர்களுக்குப் பணிவாகவே ஒரு மடல் எழுதினேன். பெரும்பாலான பயனர்களுக்கு இந்த அமைப்பு வசதியாக இருக்கிறது என்றும், வேண்டுமானால் மறுகையில் பிடித்துப் பார்க்கலாம் என்றும் பதில் வந்தது. அந்த மறுகை யோசனைக்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இதை இடக்கைக்காரர் ஒருவரின் புலம்பல் என்று ஒதுக்க நினைப்பவர்களுக்காக ஒரு தகவலைச் சொல்கிறேன். மக்கள் கைப்பேசியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பொது இடங்களில் நேரில் கவனித்து ஸ்டீவன் ஹூபர் என்பவர் 2013-இல் வெளியிட்ட கணக்கின்படி, திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையில் பிடித்திருந்தனர். அவர்களிலும் மூன்றில் ஒருவர் பயன்படுத்தியது இடது கட்டைவிரலை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான். அப்படியானால் எஞ்சியவர்கள் யார்? வலக்கையில் பையோ குடையோ குழந்தையோ இருக்க, இடக்கையில் கைப்பேசியைப் பிடித்திருந்த வலக்கைக்காரர்களாகவே அவர்களில் பெரும்பாலோர் இருக்க வேண்டும். எனவே இது எனக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று ஏற்க மாட்டேன்.

வாசிப்புக் கருவிகளை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாததும் அல்ல. 2007-இல் வந்த முதல் கிண்டிலின் இரு ஓரங்களிலும் நீளமான பட்டன்கள் இருந்தன. எங்கே பிடித்தாலும் பக்கம் புரண்டுவிடுகிறது என்பதே அதைப் பற்றி மிகுதியாக எழுந்த குறை. தொடுதிரையோடு 2011-இல் வந்த கிண்டில் டச்சில், இடது ஓரத்தில் ஒடுக்கமான ஒரு பகுதியை மட்டும் பின்செல்வதற்கு ஒதுக்கி, மேல்பகுதியை மெனுவுக்கு விட்டு, மற்ற இடமெல்லாம் முன்செல்வதற்கு என்று வைத்தார்கள். ஒரு வாசகர் முன்னே செல்லும் தடவைகளோடு ஒப்பிட்டால் பின்னே வருவது மிகச் சிலவே என்பதை உணர்ந்த ஏற்பாடு அது. ஒரு பக்க ஓரத்தில் மட்டும் பட்டன்களோடு 2016-இல் வந்த கிண்டில் ஒயாசிஸைத் தலைகீழாகத் திருப்பினால் எழுத்துகளும் உடன் திரும்பும், பட்டன்கள் மறுகைக்கு வந்துவிடும். இடக்கைக்காரர்களையும் மதித்துச் செய்த கருவி என்று அதைத் தயங்காமல் சொல்வேன். 2024-இல் அதன் விற்பனை முடிவுக்கு வந்துவிட்டது. கோபோ லிப்ரா வரிசையில் இந்த வசதி இன்றும் கிடைக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது கைப்பேசியைப் பற்றி, அதற்கே வருகிறேன்.

புத்தகம் தானாக மூடிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது ஆண்ட்ராய்டு கைப்பேசியாகவும், நீங்கள் விரலால் தள்ளிப் புரட்டுபவராகவும் இருந்தால், காரணம் ஏறத்தாழ உறுதி. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், பட்டன்கள் இல்லாமல் விரல் அசைவால் இயக்கும் முறையில், திரையின் இடது, வலது ஓரங்களில் எதிலிருந்து விரலை உள்நோக்கி இழுத்தாலும் அது "பின்செல்" என்ற கட்டளையாகும். அடுத்த பக்கத்துக்காக வலது ஓரத்திலிருந்து விரலைத் தள்ளுவதும் அதே அசைவுதான். அந்த அசைவைச் செயலிக்கு முன்பே இயங்குதளம் எடுத்துக்கொள்ளும், நீங்கள் நூலகத் திரையில் போய் நிற்பீர்கள். ஓரத்தில் ஒரு பகுதியைத் தனக்கு விட்டுவிடும்படி செயலி கேட்கலாம். ஆனால் பொதுவாக ஓர் ஓரத்துக்கு 200 டிபி (திரையில் தூரத்தை அளக்க ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் அலகு) உயரம், அதாவது மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய அளவு மட்டுமே கிடைக்கும். ஐபோனில் இடது ஓரம் மட்டும் இப்படிப் பின்செல்லப் பயன்படுவதால் தொல்லை குறைவு. இதற்குத் தீர்வாக, தள்ளுவதை ஓரத்திலிருந்து தொடங்காமல் சற்று உள்ளிருந்து தொடங்கலாம். அமைப்புகளில் பின்செல் அசைவின் உணர்திறனைக் குறைக்கலாம். அல்லது கீழே மூன்று பட்டன்கள் இருக்கும் பழைய முறைக்கே திரும்பிவிடலாம். நான் செய்தது கடைசியாகச் சொன்னதை.

தட்டினாலும் சில நேரம் பக்கம் புரளாமல் சொல் ஒன்று தேர்வாகி அகராதி திறப்பது வேறொரு கதை. விரல் வைத்த இடத்திலேயே சற்று நிலைத்தால் நீள்அழுத்தம், 8 டிபி-க்கு மேல் நகர்ந்தால் தள்ளுதல், இரண்டும் இல்லாமல் விரல் எழுந்தால் தட்டுதல் என்று ஆண்ட்ராய்டு பிரித்தறிகிறது. எட்டு டிபி என்பது ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர். விரல் சற்று நடுங்குபவருக்கு அது ஒன்றுமே இல்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. இரட்டைத் தட்டலுக்கு ஏதேனும் ஒரு வேலையைக் கொடுத்துள்ள செயலி, நீங்கள் ஒருமுறை தட்டியதும் இரண்டாவது தட்டல் வருகிறதா என்று 300 மில்லி விநாடிவரை காத்திருந்த பிறகே பக்கத்தைப் புரட்டும். பக்கம் புரளத் தாமதமாகிறது என்று கைப்பேசியைக் குறைசொல்வதற்கு முன், இரட்டைத் தட்டலுக்கான வேலையை நீக்கிப் பாருங்கள்.

உருட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டுரைக்கும் படங்கள் நிறைந்த பாடநூலுக்கும் அது போதும். நாவலில் ஒவ்வொரு முறையும் விட்ட வரியைக் கண் தேடித் திரிய வேண்டியிருக்கிறது. உருட்டிப் படிப்பதே சுகம் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை, அவரவர் கண் அவரவருக்கு.

தாள் மடிந்து புரள்வதுபோல் காட்டும் அசைவுப் படத்தை நான் எப்போதும் நிறுத்தியே வைப்பேன். ஆனாலும் அதை விரும்புகிறவர்களின் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். 2010-இல் ஐபேடோடு வந்த ஐபுக்ஸ் செயலியின் அடையாளமாகவே அந்த அசைவு இருந்தது. 2022-இல் ஐஓஎஸ் 16 வந்தபோது அதைக் கேளாமலே எடுத்துவிட்டார்கள். குறைகள் எழுந்தபின் 2023-இல் 16.4 பதிப்பில், வேண்டியவர் தேர்ந்துகொள்ளும் ஒரு விருப்பமாகத் திரும்பக் கொடுத்தார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் பயனர்கள் குரல் எழுப்பினால் அது திரும்பி வருகிறது. நான் முன்பு சொன்ன செயலிக்கு அடுத்து மாறிச் சென்ற செயலியில், இருபுறம் தட்டினாலும் முன்னே செல்லும்படி ஒரு விருப்பம் இருந்தது. ஓர் அப்டேட்டில் அமைப்புகளை எளிமையாக்குகிறோம் என்ற பெயரில் அதை நீக்கினார்கள், இன்றுவரை திரும்பவில்லை. எளிமை என்ற பெயரில் நீக்கப்படுபவை எப்போதும் சிறுபான்மையினர் பயன்படுத்தும் விருப்பங்களாகவே இருப்பது ஏன் என்று யாராவது எனக்கு விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

இதெல்லாம் சொகுசுக்காரர்களின் கவலை என்பவர்களுக்கும் ஒரு சொல். பாதை வரைந்து செய்ய வேண்டிய எந்த அசைவுக்கும் ஒற்றைத் தொடுதலில் முடியும் மாற்று வழி இருக்க வேண்டும் என்று, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் கேட்கின்றன. மூட்டுவலியும் கைநடுக்கமும் உள்ளவர்களை எண்ணி எழுதப்பட்டது அது. பார்வையற்றோர், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஐபோன் வசதியான வாய்ஸ்ஓவரை இயக்கினால் ஒருவிரல் தள்ளல், திரையில் உள்ள ஒவ்வொரு உறுப்பாக நகர்வதற்கென்று ஆகிவிடும். பக்கம் புரட்ட அவர்கள் மூன்று விரல்களால் தள்ளுகிறார்கள். தள்ளுவதை மட்டுமே வழியாக வைத்திருக்கும் ஒரு செயலி யாரை வெளியே நிறுத்துகிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

எனக்கு இறுதியில் பொருந்தியது வால்யூம் பட்டன். மூன் பிளஸ் ரீடர், கேஓரீடர், கூகுள் பிளே புக்ஸ், ஆண்ட்ராய்டுக்கான கிண்டில் செயலி ஆகியவற்றில் இதற்கான விருப்பம் உண்டு. அமைப்புகளில் தேடி இயக்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கையில் பிடித்தாலும் ஏதோ ஒரு விரல் அதன் மேல் கிடக்கும், திரையைத் தொடவே வேண்டியதில்லை, ஆகவே மெனுவும் வராது நகர்வுப் பட்டையும் வராது. ஐபோனில் வால்யூம் பட்டனின் வேலையை மாற்றும் செயலிகளை ஆப்பிளின் விதிகள் அனுமதிப்பதில்லை; அங்கே ஆப்பிள் புக்ஸின் அமைப்புகளில் இரு ஓரங்களையும் முன்செல்வதற்கே ஒதுக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது, பின்செல்ல மட்டும் விரலால் தள்ளிக்கொள்ளலாம். தட்டும் பகுதிகளை இடம்வலம் மாற்றவோ, மேல்கீழாகப் பிரிக்கவோ கேஓரீடரில் முடியும். மேல்பாதி பின்னே, கீழ்பாதி முன்னே என்ற பிரிவு இரு கைக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறது. அதைச் செயலிகள் தொடக்கத்திலேயே தந்துவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பது என் கருத்து.

புதிய செயலி எதையும் ஏற்கெனவே படித்து முடித்த, அடிக்குறிப்புகள் உள்ள ஒரு நூலை வைத்துச் சோதியுங்கள். அடிக்குறிப்பு எண்ணைத் தொட்டுக் குறிப்புக்குப் போய்விட்டுத் திரும்ப முடிகிறதா, நகர்வுப் பட்டையை வேண்டுமென்றே இழுத்துவிட்டால் பழைய இடம் கிடைக்கிறதா, பிடித்திருக்கும் கையை மாற்றினால் என்ன ஆகிறது என்ற மூன்றையும் பாருங்கள். முடிவு தெரியாத கதையை அதன்பிறகு அந்தச் செயலியில் திறக்கலாம்.