ஒரே பொருள் தரும் சொற்களின் நுண்ணிய வேறுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

அகராதி ‘தா’வுக்குக் ‘கொடு’ என்றும் ‘கொடு’வுக்குத் ‘தா’ என்றும் பொருள் போட்டால் எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் மாற்றி மாற்றிப் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கேதான் வேறுபாடு இருக்கிறது.

நான் களியக்காவிளைப் பக்கம். 1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, ஆனாலும் எல்லை தாண்டினால் கேரளத்தின் பாறசாலை என்பதால் இரண்டு மொழியும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ‘எனக்கு ஒரு சாயா கொடுங்க’ என்று தமிழில் கேட்டால் யாருக்கும் உறுத்தாது, அதையே மலையாளத்தில் ‘எனிக்கு கொடுக்கு’ என்றால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். அங்கே எனக்கும் உனக்கும் என்றால் ‘தா’தான், மூன்றாம் ஆளுக்கு என்றால்தான் ‘கொடு’.

இதை மலையாளத்தின் தனி வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இதே விதியைத்தான் சொல்கிறது: தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைக்கு, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. அதாவது பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம். நம் பேச்சில் ‘கொடு’ எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது, ஆனால் ‘அவனுக்குத் தா’ என்று சொல்லிப் பாருங்கள், இன்றும் கொஞ்சம் இடிக்கும். அந்தப் பழைய விதி பாதியாவது பிழைத்திருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதே நூலின் எச்சவியல் இன்னொரு கோணத்தில் பிரிக்கிறது: தாழ்ந்தவர் கேட்டால் ‘ஈ’, ஒத்தவர் ‘தா’, உயர்ந்தவர் ‘கொடு’. ஆக, யார் யாரிடம் கேட்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் ‘பார்’, ‘காண்’. ‘எல்லா இடத்திலும் பார்த்தேன், காணோம்’ என்கிறோமே, அதிலேயே இரண்டும் பிரிந்து நிற்கின்றன. பார்ப்பது நாம் செய்யும் வேலை, காண்பது கண்ணுக்குக் கிடைப்பது. கனவைக் ‘கண்டேன்’ என்று சொல்வதும் அதனால்தான் என்பது என் எண்ணம்.

‘சொல்’, ‘கூறு’ போன்ற சில ஜோடிகளில் பொருள் வேறுபாடே இருக்காது, இடம்தான் வேறு. ‘அமைச்சர் கூறினார்’ என்று செய்தியில் எழுதலாம், ‘அம்மா சாப்பிடக் கூறினாங்க’ என்று எந்த வீட்டிலும் பேச மாட்டார்கள்.