எஃப்-250 மாதிரி பெரிய பெட்ரோல் பிக்கப் ட்ரக் நிஜத்துல எவ்வளவு மைலேஜ் குடுக்கும்? டீசலுக்குக் கூட காசு குடுக்கறது லாபமா?

நான் அமெரிக்கால டெக்ஸாஸ்ல, ஹூஸ்டன் பக்கம் கேட்டிங்கற ஊர்ல இருக்கேன். 2021 மாடல் ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் பெட்ரோல் வி8, நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ், பின் ஆக்சில் ரேஷியோ 4.30 (சக்கரம் ஒரு சுத்து சுத்த ட்ரைவ் ஷாஃப்ட் 4.30 சுத்து சுத்தணும்). வாங்குன நாள்லேர்ந்து ஒரு தடவை விடாம ஒவ்வொரு ஃபில்லப்பையும் நோட்டுல எழுதிட்டு வர்றேன், இப்போ 41,000 மைல் தாண்டிருச்சு, அதனால இந்தக் கேள்விக்கு என்னால கொஞ்சம் தைரியமா பதில் சொல்ல முடியும்னு நெனைக்கறேன்.

மொதல்ல, கம்பெனி மைலேஜ் எங்க தேடினாலும் கெடைக்கலன்னு எழுதியிருந்தீங்க. கெடைக்காது. அமெரிக்கால வண்டியோட மொத்த எடை வரம்பு, அதாவது வண்டியும் ஆளும் லோடும் சேர்த்து தாங்கக்கூடிய எடை, 8,500 பவுண்டுக்கு மேல இருக்கற பிக்கப்புக்கு ஜன்னல்ல மைலேஜ் ஸ்டிக்கர் ஒட்டணும்னு சட்டம் கெடையாது. எஃப்-250, ராம் 2500, செவர்லே (செவி) சில்வராடோ 2500 எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலதான் வருது. சின்ன தம்பி எஃப்-150க்கு ஸ்டிக்கர் உண்டு, அண்ணனுக்கு இல்ல. நான் வாங்குன டீலர்ஷிப்ல விக்கற ஆளு "ஹைவேல கேலனுக்கு 18 மைல் ஈசியா வரும் சார்"னு அடிச்சு சொன்னாரு. என் நோட்டுல இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவை கூட 18 வரல. எதிர்ல பேப்பர் இல்லாதப்போ யாரும் எந்த நம்பரும் சொல்லலாம்ங்கறதால, வாங்கப்போறவங்க அதை நம்பி கணக்குப் போட்டு மாட்டிக்கறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

சரி, என் நம்பர். ட்ரெய்லர் இல்லாம, ஆளு மட்டும், ஹைவேல க்ரூஸ் கண்ட்ரோல் மணிக்கு 65 மைல்ல வச்சா கேலனுக்கு 15 மைல், நல்ல நாள்ல 15.2. நம்ம ஊரு கணக்குல லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர் கிட்ட. அதே ரோட்ல 78ல போனா 13, அதாவது அஞ்சரை. ஹூஸ்டனுக்குள்ள ஆபீஸ், கடை, பசங்க ஸ்கூல்னு சுத்தினா 11. ட்ராவல் ட்ரெய்லர் கட்டி இழுத்தா 9, எதிர்காத்து இருந்தா ஏழரை. இந்த ஏழரைலேர்ந்து 15 வரைக்கும் எல்லாமே ஒரே வண்டிதான், ஒரே ஆளு ஓட்டினதுதான், அதனாலதான் "எவ்வளவு குடுக்கும்"னு யாராச்சும் கேட்டா ஒரே நம்பரா சொல்ல எனக்கு வாய் வர்றதில்ல.

இந்த நோட்டு பழக்கம் அப்பாகிட்டேர்ந்து வந்தது. அப்பா நாமக்கல்ல லாரி ஓட்டி, அப்புறம் சொந்தமா ஒண்ணு வாங்கி வச்சிருந்தவர். மீட்டரு, டிரைவர் வாய்க்கணக்கு எதையும் நம்ப மாட்டாரு. டேங்க் வாய் வரைக்கும் நிரப்பி கிலோமீட்டரை எழுதிக்கணும், அடுத்த தடவை அதே மாதிரி நிரப்பி எத்தனை லிட்டர் புடிச்சுதுன்னு பாத்து வகுக்கணும், அவ்வளவுதான். நானும் அதேதான் பண்றேன், ஒரே ஒரு மாத்தம், பம்ப்பு மொதல் தடவை டக்குனு நின்னதும் நிறுத்திடுவேன், மேல மேல அழுத்தி ஊத்தறதில்ல, இங்க வண்டில ஆவி புடிக்கற கேனிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள பெட்ரோல் போயிட்டா கெட்டுரும். டேஷ்போர்டுல காட்டற மைலேஜு என் வண்டில கிட்டத்தட்ட எப்பவுமே கையால போட்ட கணக்கைவிட அரைலேர்ந்து ஒரு மைல் வரைக்கும் கூடத்தான் காட்டுது. யூட்யூப்ல டேஷ்போர்டு போட்டோவைக் காட்டி 17 வருதுன்னு சொல்றவங்களோட நம்பர்ல இதைக் கழிச்சிக்கோங்க.

டயர் மாத்தினவங்க கணக்கும் ஒரு தடவை யோசிச்சுதான் நம்பணும். 33 இஞ்ச் டயரைக் கழட்டிட்டு 35 போட்டா சக்கரம் ஒரு சுத்துக்கு கூட தூரம் போகும், ஆனா கம்ப்யூட்டர்ல டயர் சைஸ மாத்தி விடலன்னா ஓடோமீட்டர் 5, 6 சதவீதம் கம்மியா எண்ணும். ஃப்ரெண்டு ஒருத்தரு 35 போட்ட உடனே ரெண்டு மைல் போச்சுன்னு அழுதாரு, ஜிபிஎஸ் வச்சு தூரத்தைப் பாத்து திருப்பிக் கணக்கு போட்டோம், அதுல பாதி கிட்ட நிஜ நஷ்டமே இல்ல, எண்ணாம விட்ட தூரம்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. இந்த வண்டிகள்ல பெட்ரோலைத் தின்னறது லோடுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க, நானும் அப்படித்தான் நெனைச்சேன், ஆனா ஹைவேல அதிகமா தின்னறது காத்து. எங்ககிட்ட 28 அடி ட்ராவல் ட்ரெய்லர் ஒண்ணு இருக்கு, சாமானோட சேர்த்து ஏழாயிரம் பவுண்டு வரும். ப்ரெனம் பக்கம் ஃப்ரெண்டு ஒருத்தர் நிலம் வச்சிருக்காரு, அவரோட ட்ராக்டரை ஃப்ளாட்பெட் ட்ரெய்லர்ல ஏத்தி அப்பப்போ நான்தான் இழுத்துட்டு வருவேன், அதுவும் சேர்த்து கிட்டத்தட்ட அதே ஏழாயிரம் பவுண்டுதான். ட்ராவல் ட்ரெய்லருக்கு 9, ட்ராக்டருக்கு பதினொன்றரை. எடை ஒண்ணு, ரோடும் அதே மாதிரி சமதரை, ஸ்பீடும் அதே 62, 65தான். ஒண்ணு வீட்டுச் செவுரு மாதிரி காத்துல நிமிந்து நிக்குது, இன்னொண்ணு வண்டிக்குப் பின்னாடி பதுங்கி வருது, அந்த ஒரு வித்தியாசம்தான் ரெண்டரை மைல்.

இதை அப்பாகிட்ட போன்ல சொன்னப்போ அவரு ஆச்சரியமே படல. "கேரளாவுக்கு வைக்கோல் லோடு போனவன்கிட்ட கேளுடா, ஆடி மாசம் எதிர்காத்துல கம்பி லோடைவிட வைக்கோல் லோடுக்குத்தான் டீசல் சர்ருனு எறங்கும்"னாரு. கம்பி எடைதான், ஆனா தட்டையா கெடக்கும், வைக்கோல் எடையே இல்ல, ஆனா மலை மாதிரி நிக்கும். ஸ்பீடு கூடும்போது காத்தோட இழுவை அதே அளவுல கூடறதில்ல, அதோட வர்க்கத்துல கூடுது. 65லேர்ந்து 78க்கு ஏத்தினா ஸ்பீடு 20 சதவீதம்தான் கூடுது, காத்து இழுவை 44 சதவீதம் கூடிருது. என் நோட்டுல 15க்கும் 13க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் அதுதான்.

போன வருஷம் அப்பா அம்மா இங்க வந்திருந்தப்போ எல்லாரும் மேற்கு டெக்ஸாஸ்ல இருக்கற பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம். ஐ-10ல சான் அன்டோனியோ தாண்டி மேற்க போகப்போக ஸ்பீடு லிமிட் 80 ஆயிரும், எல்லாரும் பறப்பாங்க, நான் ட்ரெய்லர் கட்டியிருந்ததால 65தான், பல ட்ரெய்லர் டயருக்கு 65தான் வரம்பே. ஜங்ஷன்ங்கற ஊர்ல நிரப்பிட்டுக் கெளம்பினோம், மேற்கேர்ந்து காத்து நேரா மூஞ்சில அடிக்குது, கியர் பத்துக்குப் போகவே மாட்டேங்குது, எட்டுலயும் ஏழுலயும் மாறி மாறி நிக்குது, இன்ஜின் சத்தம் கேட்டே அப்பா "இது ஏத்தமும் இருக்கு காத்தும் இருக்கு"ன்னாரு. ஃபோர்ட் ஸ்டாக்டன்ல நிரப்பினோம், 200 மைலுக்கு 26.8 கேலன். ஏழரை. திரும்பி வரும்போது அதே 200 மைலு, காத்து முதுகுல, எறக்கமும்கூட, 20.6 கேலன்தான் புடிச்சுது. அதை அப்பாவே பேனா வாங்கி நோட்டுல எழுதினாரு, லிட்டருக்கு மாத்தி நாலுன்னு போட்டு, "என் பத்து சக்கர லாரி முழு லோடோட குடுத்ததும் இதேதான்"னாரு. பெட்ரோல் வண்டிக்கு அது ரொம்ப மோசம் இல்லன்னு அவரு சொன்னது எனக்கு மறக்காது.

34 கேலன் டேங்க் இருக்கே, 34ஐ 9ஆல பெருக்கினா 300 மைல் போகலாமேன்னு யாரும் வெஸ்ட் டெக்ஸாஸ்ல கணக்குப் போடாதீங்க. காத்து திரும்பினா 255ல காலி ஆயிரும், அங்க பங்க்குக்கும் பங்க்குக்கும் நடுவுல ஒண்ணுமே இருக்காது. நான் 180, 200 மைலுக்கு ஒரு தடவை நிரப்பிருவேன்.

ஊருக்குள்ள ஓட்டறவங்களுக்கு வேற கதை. கிட்டத்தட்ட மூணு டன் இரும்பை ஒவ்வொரு சிக்னல்லயும் நிறுத்தி திரும்பக் கெளப்பணும். அதுபோக 7.3 லிட்டர் இன்ஜின சும்மா லேசா மிதிச்சு ஓட்டும்போது த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காத்து போற வழியில இருக்கற மூடி, பாதி மூடியே இருக்கும், காத்தை உள்ள இழுக்கவே இன்ஜின் மல்லுக்கட்டும், டீசல்ல அந்தத் தொந்தரவு கெடையாது, ட்ரெய்லர் இல்லாத நேரத்துல டீசல் 17, 18 குடுக்கறதுக்கு அது ஒரு காரணம், ஒரு கேலன் டீசல்லயே பெட்ரோலைவிட சத்து அதிகம்ங்கறது இன்னொரு காரணம். குளிர்காலத்துல ரெண்டு மூணு மைல் மட்டும் போயிட்டு நிறுத்தறவங்களுக்கு 10 கூட வராது, இன்ஜின் சூடாகறதுக்குள்ள வீடு வந்துரும். ஹூஸ்டன் வெயில்ல ஏசி போட்டு பார்க்கிங்ல உக்காந்திருக்கற நேரமும் கணக்குல சேரும், ஓடாத மைலுக்கும் பெட்ரோல் போயிட்டுதான் இருக்கு.

ராமோட 6.4 லிட்டர் ஹெமி இன்ஜின், செவியோட 6.6 லிட்டர், நம்ம ஃபோர்டு, இதுல எது கூட குடுக்கும்னு கேட்டீங்க. நண்பர்கள் வண்டிகளைப் பாத்த வரைக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு மைலுக்கு மேல வித்தியாசம் இல்ல, அந்த ஒரு மைலும் ஓட்டற ஆளைப் பொறுத்து மாறிரும். ஹெமில லோடு கம்மியா இருக்கும்போது நாலு சிலிண்டர் அணைஞ்சுக்கற வசதி இருக்கு, ட்ரெய்லர் கட்டினா அது வேலைக்கே வராது. அந்த இன்ஜினுக்கு கொஞ்சம் விலை கூடின 89 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்றாங்க, ஃபோர்டுக்கும் செவிக்கும் சாதா 87 போதும், அதையும் செலவுல சேத்துக்கோங்க. செவி பெட்ரோல் வண்டில 2023 வரைக்கும் ஆறு கியர்தான், 2024லேர்ந்து பத்து. பழசு வாங்கினா அதைப் பாருங்க. சும்மா பிரீமியம் ஊத்தறதுல எந்தப் புண்ணியமும் இல்ல.

டீசல் லாபமா? மைலை கேலனுக்கு எவ்வளவுன்னு பாக்காம, நூறு மைலுக்கு எத்தனை கேலன்னு பாருங்க, இந்தக் கேள்வி தானா தெளிவாயிரும். அரசாங்கமே இந்தப் பெரிய பிக்கப்புகளுக்கு வச்ச அளவுகோல் நூறு மைலுக்கு இத்தனை கேலன்ங்கறதுதான், அதுவும் வண்டி எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும்ங்கறதை வச்சு மாறும். 10லேர்ந்து 15 ஆனா நூறு மைலுக்கு 3.3 கேலன் மிச்சம். 15லேர்ந்து 20 ஆனா 1.7தான் மிச்சம். ரெண்டும் அஞ்சு மைல்தான், காசு பாதி.

உதாரணத்துக்கு பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.75னு வச்சுக்குவோம், வருஷம் 12,000 மைல். பெட்ரோல் சராசரி 13னா 923 கேலன், 2,770 டாலர் வரும். டீசல் சராசரி 17னா 706 கேலன், 2,650 டாலர். வருஷத்துக்கு 120 டாலர் மிச்சம். டீசல் இன்ஜினுக்கு கூட குடுக்கறது பத்தாயிரம் டாலர் கிட்ட, அதுபோக புகையைச் சுத்தம் பண்ற டெஃப்ங்கற திரவம் ஊத்தணும், ஃப்யூல் ஃபில்டர் மாத்தணும், ஆயில் என் வண்டிக்கு 8 குவார்ட் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்), ஃபோர்டு டீசலுக்கு 13. எரிபொருள் மிச்சம்ங்கற ஒரே காரணத்துக்காக டீசல் எடுக்காதீங்க, உங்க பக்கம் விலை வேறயா இருந்தா இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க.

ஆனா நீங்க கொலராடோ மலைப்பக்கம் மாசம் ரெண்டு தடவை பன்னண்டாயிரம் பவுண்டு இழுக்கறவரா இருந்தா டீசல்தான், அதுக்குக் காரணம் மைலேஜ் இல்ல. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் கிட்டத்தட்ட 3 சதவீதம் பலம் இழக்கும், கொலராடோ மலைல இருக்கற ஐசன்ஹோவர் டனல் 11,000 அடிக்கு மேல, அங்க உங்க 430 குதிரைத் திறன்ல 140 வீட்லயே தங்கிரும். எறக்கத்துல புகை போற வழியை அடைச்சு வண்டியை மெதுவாக்கற எக்ஸாஸ்ட் பிரேக் குடுக்கற நிம்மதியும் பெட்ரோல்ல கெடைக்காது. என்னை மாதிரி வருஷத்துக்கு அஞ்சாறு தடவை சமதரைல இழுக்கறவங்களுக்கு பெட்ரோல் போதும்.

பழைய வண்டி பாக்கப் போறீங்கன்னா கடைசியா ஒண்ணு. ஃபோர்டு டேஷ்போர்டு மெனுவுல இன்ஜின் ஓடின மணி நேரமும், அதுல சும்மா நின்னு ஓடின மணி நேரமும் தனித்தனியா இருக்கும். 60,000 மைல் ஓடின வண்டில 3,000 மணி நேரம் இருந்தா சராசரி மணிக்கு 20 மைல்தான் ஓடியிருக்கு, அது கன்ஸ்ட்ரக்ஷன் சைட்ல நின்ன வண்டி. அந்த ஓனர் 9தான் வருதுன்னு சொன்னா அவரு பொய் சொல்லல, உங்க ஓட்டத்துக்கு அந்த நம்பர் பொருந்தாது, ஆனா அந்த இன்ஜின் தேய்மானம் உங்களுக்குத்தான் வரும். சாவி வாங்கின உடனே மொதல்ல அந்த மெனுவைத் தொறந்து பாருங்க.