அந்த இரண்டு மாதம்

(தன் பெயரும் பள்ளியின் பெயரும் வர வேண்டாம் என்று வாசகி கேட்டுக்கொண்டதால் அவற்றை எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சேலத்தில் ஒரு வங்கியில் கிளார்க். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், அரூர் தாண்டி சித்தேரி மலை அடிவாரம். நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த வருடம் 43 பேர் பிளஸ் டூ எழுதுகிறார்கள். அதில் பதினொரு பேர் மலையிலிருந்து இறங்கி வந்து படிப்பவர்கள். போன வருடம் தேறியவர்களில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள் என்று விசாரித்தேன். பாதிப் பேரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. மார்க் குறைவு என்றும் சொல்ல முடியாது.

பிப்ரவரியில் பிரிவு உபசார விழா. எனக்கு அரை மணி நேரம் பேசத் தருவதாக ஹெச்.எம். சொல்லியிருக்கிறார். எந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டு, தன்னம்பிக்கையோடு இருப்பது எப்படி என்றெல்லாம் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் பல வருடமாக மே மாதத்தில் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்காருவதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நான் என்ன பேசினால் அவர்களுக்கு உதவியாக இருக்கும்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

'பாதிப் பேரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதிப் பேரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

விழாவில் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புடவை கட்டி, புதுச் சட்டை போட்டு, போட்டோ எடுக்கும் பரபரப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அன்று எதுவும் காதில் ஏறாது. உங்கள் கைபேசி எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டுவிட்டு, 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்' என்று சொன்னால் போதும். அந்த அரை மணி நேரத்துக்குப் பதிலாக டிசம்பரில் ஒரு நாளும், மே ஜூனில் பத்து நாளும் உங்களால் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள்.

தேர்வு மார்ச்சில் முடிகிறது. முடிவு மே மாதத்தில் வருகிறது. நடுவில் இருக்கும் நாட்களில்தான் பிள்ளைகள் தொலைகிறார்கள். 'சும்மாதானே இருக்கே, ரெண்டு மாசம் போயிட்டு வா' என்று பையன்களைத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிறார்கள். முதல் சம்பளம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பணத்துக்கு ஒரு செலவும் வந்துவிடுகிறது. திரும்பக் கூப்பிட யாருக்கும் மனம் வருவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு அதே இடைவெளியில்தான் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். உங்கள் பக்கத்து நிலவரம் உங்களுக்கே தெரியும். பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லத் தயங்காதீர்கள். பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் எடுத்தாகிவிட்டது, கல்லூரியின் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை. அந்த இரண்டு மாதமும் பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. நீங்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை போன் செய்து 'எங்கேப்பா இருக்கே, எப்போ வர்றே?' என்று கேளுங்கள். நான் செய்வதில் பாதி வேலை இதுதான்.

என் கதையையும் சொல்கிறேன். 1997-இல் பிளஸ் டூ முடித்தேன். வேளாண்மை படிக்க ஆசை. விண்ணப்பத்தோடு வைக்க ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு நான்கு தடவை அந்த அலுவலகத்துக்கு அலைந்தார். நான்கு நாள் கூலி போயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார்கள். ஐந்தாவது தடவை எங்கள் தமிழய்யா கூட வந்தார். சிபாரிசெல்லாம் எதுவும் செய்யவில்லை. அப்பா பக்கத்தில் நின்றார், என்ன தாள் குறைகிறது என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே சான்றிதழ் கைக்கு வந்தது. விண்ணப்பக் கடைசித் தேதி முந்தின நாளே முடிந்திருந்தது. அதே அய்யாதான் மறுநாள் என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்த்துவிட்டார். அவர் முதல் தடவையே வந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் டிசம்பர் என்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாமே இன்று இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாகத்தான் அது நகரும். மே மாதத்தில் ஊரே அங்கே நிற்கும். உங்கள் மலைப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி அதிகம்: பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை உண்டு, நாளாகும். பெற்றோரின் சான்று, உடன்பிறந்தவர்களின் சான்று என்று கேட்பார்கள். அவர்களை முதலில் கவனியுங்கள்.

பெயரையும் பாருங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக. மார்க் ஷீட்டைத் திருத்துவது நெடு வேலை. ஆதாரை அதற்குச் சமமாக மாற்றிவிடுவது சுலபம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 43 பேரின் தாள்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு நாளில் முடிந்துவிடும்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்குக் கல்விக் கட்டணத்தில் கிடைக்கும் முதல் பட்டதாரிச் சலுகையைப் பற்றிப் பெற்றோரிடம் பேசியே ஆக வேண்டும். வீட்டில் அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் அது கிடைக்காது. கிடைக்கும் பிள்ளைகளுக்கும், பொறியியலில் அரசுக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அப்படித்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் சட்டமாக வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இந்தச் செய்தி ஊருக்குள் வருவதற்கு முன்பே ஏஜென்ட் வந்துவிடுகிறார். ஏப்ரலில் வீடு தேடி வந்து, 'அட்வான்ஸ் ஐயாயிரம் கட்டுங்க, டி.சி., மார்க் ஷீட்டைக் கொடுங்க, சீட் உறுதி' என்பார். அந்த இடம் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டா, இந்தச் சலுகைகள் அதற்குக் கிடையாது என்பது பெற்றோருக்குத் தெரியாது. இலவசமாகப் படித்திருக்க வேண்டிய பிள்ளைக்காக ஆடு மாடு விற்றுக் கட்டணம் கட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது வயிறு எரியும். கல்லூரிகள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. ஆனாலும் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது பெரும் போராட்டம். ஜெராக்ஸ் தவிர எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

மே மாதம் வந்ததும் விண்ணப்பம். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்யும்போது யாருடைய எண்ணைக் கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு பையனுக்கு அந்தக் கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டார், நல்லெண்ணத்தில்தான். பையன் கடவுச்சொல்லை மறந்தான். ஓடிபி கடைக்காரருக்குப் போனது, அவர் திருப்பதி போயிருந்தார். அந்த மூன்று நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நான் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். விண்ணப்ப எண், கடவுச்சொல், கைபேசி எண், மின்னஞ்சல், கட்டிய பணம், கடைசித் தேதி எல்லாம் பிள்ளையின் கையெழுத்தில் அதில் இருக்க வேண்டும்.

பொறியியல் கவுன்சலிங்கில் கட் ஆஃப் கணக்கு எல்லோருக்கும் தெரியும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. தடுக்கி விழுவது சாய்ஸ் ஃபில்லிங்கில்தான், அதாவது விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிவதில். 'எனக்கு அது கிடைக்காது' என்று பிடித்த கல்லூரியைப் போடாமலே விடுவார்கள், அல்லது கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போட்டுவிடுவார்கள். கணினி ஒவ்வொரு மாணவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கிறது. உங்கள் முறை வரும்போது முதலில் எழுதியது காலியாக இருந்தால் அதைத் தரும், இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும். ஆசைப்பட்டதை மேலே எழுதுவதால் கீழே இருப்பது கையை விட்டுப் போகாது. இதைப் புளியங்கொட்டை வைத்துக்கூட விளக்கியிருக்கிறேன். 141 கட் ஆஃப் வைத்திருந்த ஒரு பெண் ஆறே கல்லூரிகளைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றில் ஒன்றும் கிடைக்காமல் வந்து நின்றாள். அறுபது எழுதியிருக்கலாம். தடுப்பவர் யாருமில்லை. ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பெயரை நம்பாமல் ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள கோடு (code) எண்ணைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதி செய்யக் கிடைப்பது இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் பிள்ளை ஊரில் இருக்க வேண்டும், போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

எல்லோரும் பொறியியல் போக மாட்டார்கள், போகவும் வேண்டாம். அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்துக்குச் சமீப வருடங்களில் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும்தான்; பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். எந்தப் பிள்ளையும் இதைப் போடாமல் இருக்க விடாதீர்கள். பொறியியல் கிடைக்கும் என்று காத்திருந்து இரண்டும் இல்லாமல் போனவர்கள் நிறைய.

நீங்கள் வங்கியில் இருப்பவர். இது எனக்கு இல்லாத வசதி. மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் கணக்கில் விழும். கணக்கு உயிரோடு இருந்தால்தான் விழும். பிள்ளைகளின் கணக்கு பெரும்பாலும் பழைய உதவித்தொகைக்காகத் தொடங்கியது. ஆதார் இணைந்திருக்காது, பெயர் பொருந்தாது, பதினெட்டு வயதானதும் புதிதாகக் கே.ஒய்.சி. (அடையாள, முகவரி ஆவணங்கள்) கொடுத்திருக்க மாட்டார்கள். தன்னம்பிக்கைக் குறிப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, 43 பாஸ்புக்கையும் வாங்கிப் பாருங்கள். உங்களால் ஒரு மணி நேரத்தில் தீர்க்க முடிந்ததற்குப் பிள்ளைகள் நான்கு மாதம் அலைகிறார்கள்.

தேர்ச்சி பெறாதவர்களை விட்டுவிடாதீர்கள். முடிவு வந்த அன்று எல்லோரும் முதல் மதிப்பெண் வாங்கியவர் வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் தவறியவர் வீட்டுக்குப் போங்கள். துணைத்தேர்வு அடுத்த சில வாரங்களிலேயே நடக்கும். அதில் தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம், பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வும் உண்டு. ஒரு வருடம் வீண் என்று வீட்டில் முடிவு கட்டுவதற்கு முன்னால் இதை அவர்கள் காதில் போட வேண்டும்.

எந்தப் படிப்பு என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், தெளிவாகவே சொல்கிறார்கள். மீன்வளம் படிக்க வேண்டும் என்று கடலையே பார்க்காத ஒரு பையன் என்னிடம் சொன்னான். நாகப்பட்டினத்தில் அதற்கென்று பல்கலைக்கழகமே இருக்கிறது என்று நான் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது.

ஹெச்.எம்.-இடம் அரையாண்டுத் தேர்வு முடிகிற நாள் மதியத்தைக் கேளுங்கள். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரையும் பேசி வையுங்கள். முதல் வரிசையில் அந்தப் பதினொரு பேரை உட்கார வையுங்கள். மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸை அவர்கள் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா