சீரியல் ஒயரில் இரைச்சல்: கேள்வி பதில்

கருவிகள் ஒன்றோடொன்று டேட்டா பேசும் சீரியல் இணைப்புகளான ஆர்எஸ்-485, ஆர்எஸ்-232 ஒயரிங்கில் வரும் இரைச்சல் பற்றிக் கேளுங்கள். புரோகிராம் சந்தேகங்களுக்கு நான் ஆள் இல்லை. ஒரே நிபந்தனை: 485 என்றால், பவரை அணைத்துவிட்டு, ஏ, பி என்ற இரண்டு டேட்டா ஒயர்களுக்கும் நடுவே எத்தனை ஓம் என்று மல்டிமீட்டரில் அளந்துவிட்டு வாருங்கள். 60-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கே: சார், மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) ஓடும்போது மட்டும் மாட்பஸ் (485 ஒயரில் கருவிகள் பேசும் முறை) விட்டுப்போகிறது. நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. ஷீல்டு (ஒயர்களைச் சுற்றிய உலோக உறை) உள்ள கேபிள்தான் போட்டிருக்கிறேன்.

ப: டிரைவ் மோட்டாருக்கு அனுப்புவது சைன் அலை அல்ல, நொடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டித் தரும் வோல்டேஜ். ஒவ்வொரு வெட்டுக்கும் மோட்டார் கேபிளின் கெபாசிட்டன்ஸ் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கரண்ட் கசியும். அது டிரைவுக்கே திரும்பியாக வேண்டும். நல்ல வழி கிடைக்காவிட்டால் உங்கள் மாட்பஸ் கேபிள் வழியாகப் போகும்.

அதனால் கைவைக்க வேண்டியது முதலில் மோட்டார் கேபிளில். அதற்கும் ஷீல்டு வேண்டும், டிரைவ் பக்கமும் மோட்டார் பக்கமும் உலோகக் கிளாம்பால் சுற்றிப் பிடிக்க வேண்டும். ஷீல்டை முறுக்கி வால் மாதிரி நீட்டி ஸ்க்ரூவில் மாட்டியிருந்தால், மெகாஹெர்ட்ஸில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். அப்புறம் இரண்டு கேபிளும் ஒரே டிரேயில் ஒட்டி ஓடக்கூடாது. குறுக்கே போவது தவிர்க்க முடியாதென்றால் செங்குத்தாக வெட்டிப் போகட்டும்.

ஏ, பி தவிர, இரு முனைகளின் கிரவுண்டையும் இணைக்கும் மூன்றாவது ஒயர் இருக்கிறதா? 485-க்கு இரண்டு ஒயர் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரிசீவர் தன் கிரவுண்டிலிருந்து −7 முதல் +12 வோல்ட் வரைதான் தாங்கும். இரு முனைகளின் கிரவுண்டும் அதற்கு மேல் விலகினால் ஏ-பி வித்தியாசம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

கே: அளந்தேன். 40 ஓம்.

ப: மூன்று 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. நடுவில் ஏதோ ஒரு கருவியில் டெர்மினேஷன் (ஏ-பி குறுக்கே போடும் இந்த 120 ஓம்) சுவிட்ச் ஆன். கண்டுபிடித்து அணையுங்கள். இரு கோடிகளில் மட்டும்தான் அது வேண்டும்.

கே: ரிலே விழும்போதெல்லாம் எரர் வருகிறது.

ப: டிசி காயில் என்றால் குறுக்கே டையோடு (கேதோடு பாஸிட்டிவ் பக்கம்), ஏசி என்றால் ஆர்சி ஸ்னப்பர் (தொடராக இணைத்த ரெசிஸ்டரும் கெபாசிட்டரும்). காயிலுக்குப் பக்கத்திலேயே போடுங்கள், பேனலின் மறுகோடியில் அல்ல.

கே: ஷீல்டை ஒரு பக்கம் மட்டும்தானே எர்த் செய்ய வேண்டும்? நீங்கள் இரண்டு பக்கமும் என்கிறீர்கள்.

ப: நான் சொன்னது மோட்டார் கேபிளுக்கு.

கே: சிக்னல் கேபிளுக்கு ஒரு பக்கம்தான், அப்படித்தானே? எங்கள் சீனியர் இதைக் கல்வெட்டு மாதிரி சொல்வார்.

ப: 50 ஹெர்ட்ஸ் கிரவுண்டு லூப்தான் எதிரி என்றால் உங்கள் சீனியர் சொல்வது சரி. அனலாக் சிக்னலில் பிறந்த விதி அது. டிரைவ் தரும் வேகமான இரைச்சலுக்கு, ஒரு பக்கம் தொங்கும் ஷீல்டு ஆன்டெனா போல நடந்துகொள்ளும். அங்கே இரு பக்கமும் வேண்டும்.

கே (வேறொருவர்): இரு பக்கமும் கட்டி, ஷீல்டு சூடாகி நான் பார்த்திருக்கிறேன்.

ப: நம்புகிறேன். இரண்டு எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் இருந்தால் சூடாகத்தான் செய்யும். குற்றவாளி எர்த்திங், தண்டனை ஷீல்டுக்கு! எர்த்தைச் சரிசெய்ய முடியாவிட்டால் ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் கெபாசிட்டர் வழியாகக் கட்டுங்கள். வேகமான இரைச்சல் போகும், 50 ஹெர்ட்ஸ் போகாது. இரண்டு தனிக் கட்டிடங்கள் என்றால் இந்தச் சண்டையே வேண்டாம், ஐசொலேட்டட் கன்வெர்ட்டரோ (இரு பக்கத்துக்கும் நேரடி மின் இணைப்பு இல்லாதது) ஃபைபரோ போடுங்கள்.

கே: எனக்கும் டிரைவ் ஓடினால் எரர். என்ன செய்வது?

ப: மேலே முதல் பதில். ஓம் எத்தனை?

கே: பதிலில் கடைசி பைட் மட்டும் கெடுகிறது. எந்த ஃபெரைட் (இரைச்சலை அடக்கக் கேபிளில் மாட்டும் வளையம்) வாங்கலாம்?

ப: எதுவும் வேண்டாம். இரைச்சலுக்குக் கடைசி பைட் எது என்று தெரியாது. அனுப்பி முடியும் முன்பே 485-இன் டிரைவரை (ஒயரில் சிக்னல் அனுப்பும் சர்க்யூட், மோட்டார் டிரைவ் அல்ல) அணைக்கிறீர்கள். பஃபர் காலியானதும் அணைத்தால் ஒரு பைட் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். 9600-இல், 11 பிட் என்றால், ஒரு பைட்டுக்குச் சுமார் 1.15 மில்லிசெகண்ட். மீதியைப் புரோகிராம் எழுதியவரிடம் கேளுங்கள்.

கே: அண்ணா, நெட்வொர்க் கேபிளில் ஆரஞ்சை ஏ-க்கும் பச்சையை பி-க்கும் போட்டேன். 20 மீட்டர்கூட ஓடவில்லை.

ப: அவை வேறு வேறு ஜோடி. ஏ-யும் பி-யும் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியில் போனால்தான் இரண்டிலும் இரைச்சல் சமமாக ஏறி ரிசீவரில் கழியும். ஆரஞ்சும் ஆரஞ்சு-வெள்ளையும் ஏ, பி. பச்சை ஜோடி முழுவதையும் சேர்த்துக் கிரவுண்டுக்குக் கொடுங்கள்.

கே: மோட்டார் டிரைவ் பக்கத்தில் இருந்தால்...

ப: ஓம்!

கே: 60 ஓம் வருகிறது, மூன்றாவது ஒயரும் உண்டு. யாரும் பேசாதபோது ஏ-பி 30 மில்லிவோல்ட். அவ்வப்போது தானாக ஒரு 00 பைட் வருகிறது.

ப: இப்படி வந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். பழைய ரிசீவருக்கு 200 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருப்பது எதுவும் நிச்சயமில்லை. லேசான இரைச்சலையே ஸ்டார்ட் பிட் என்று எடுத்துக்கொள்ளும். பயாஸ் ரெசிஸ்டர் வேண்டும்: ஓய்வில் பாஸிட்டிவாக இருக்க வேண்டிய ஒயரை 560 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும், மற்றதை 560 ஓம் வழியாகக் கிரவுண்டுக்கும் இழுங்கள். சுமார் 250 மில்லிவோல்ட் கிடைக்கும். பஸ்ஸில் ஒரே இடத்தில் போதும். எது பாஸிட்டிவ் என்பதற்கு ஏ, பி லேபிளை நம்ப வேண்டாம், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், டேட்டாஷீட்டைப் பாருங்கள். 3.3 வோல்ட் சப்ளை என்றால் 560-க்குப் பதில் 390.